பொம்பெயி வீட்டுக் குசினி

இன்று ஹொல்ஸ்டெப்ரோவில் கடைக்குப் போயிருந்தேன். உருளைக்கிழங்கு எடுக்கக் குனிந்தபோது, பக்கத்தில் விற்க வைத்திருந்த ரோஸ்மேரிச் சட்டியில் என் கை உரசிவிட்டது. அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் கடையிலேயே இல்லை. வெயில் கொளுத்துகிறது, நீங்கள் தொப்பியால் விசிறிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறீர்கள், நான் பொம்பெயியில் அந்த ரோமன் வீட்டுத் தோட்டத்துக்குள் நிற்கிறேன். பின்னால் நின்ற ஒரு டெனிஷ் மனுசன் "சுகமாக இருக்கிறீர்களா?" என்று கேட்கும்வரைக்கும் அப்படியே நின்றிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். மகள் என்னைக் கோப்பன்ஹேகனுக்கு, தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாள். போவதா விடுவதா என்பதுதான் இப்போது என் தலையிடி. போன கிழமை அங்கே நடந்ததை உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. ஆனால் அதைப் பொம்பெயியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நீங்கள் அந்தப் பயணத்துக்கு வரவே மாட்டேன் என்று நின்றீர்களே! நான் முதியோர் இல்லத்து வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது, மகள் ஆசையாகப் பதிவு செய்து தந்த பஸ் பயணம். "உடைஞ்ச வீட்டைப் பாக்க ஆரப்பா இவ்வளவு தூரம் போறது? நாங்கள் பாக்காத உடைஞ்ச வீடோ?" என்று ஜெர்மனி தாண்டும்வரை முணுமுணுத்தீர்கள். போன பிறகு அந்த ஒரு வீட்டை விட்டு உங்களைக் கிளப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எரிமலைச் சாம்பல் மூடிக் கிடந்து, பிறகு தோண்டி எடுத்த வீடு. ஒடுங்கிய வாசலால் உள்ளே போனதும் பெரிய கூடம், அதற்கு நடுவில் கூரை இல்லை. மழை நேரே வந்து விழ ஒரு கல்தொட்டி. சுற்றிவரச் சின்னச் சின்னப் படுக்கை அறைகள், ஒன்றுக்கும் ஜன்னல் இல்லை. நீங்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்து, "இதுக்குள்ளை என்ரை கால் நீட்டேலாது" என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். விருந்து அறைச் சுவர்களில் அந்தச் சிவப்பு! நேற்றுப் பூசியது மாதிரி. அதற்கப்பால் தூண்கள் சுற்றி நிற்க, நடுவில் தோட்டம். கத்தரித்துவிட்ட பச்சை வேலி, ரோஸ்மேரி, சின்ன நீர்த்தொட்டி. பழைய வேர்கள் இருந்த குழிகளை வைத்து, எங்கே என்ன நின்றதென்று கண்டுபிடித்துத் திருப்பி நட்டார்களாம். பின்சுவரிலும் மரமும் குருவியுமாக ஒரு தோட்டத்துப் படம் கீறியிருந்தது.

"எவ்வளவு கொழுப்பெண்டு பாருமப்பா. உண்மையான தோட்டம் முன்னாலை கிடக்க, சுவரிலையும் ஒண்டு கீறி வைச்சிருக்கினம்" என்று சிரித்தீர்கள். வாசலில் நின்றாலே அந்தப் பச்சை தெரிகிறதென்று காட்ட, என்னைக் கையில் பிடித்து வாசலுக்குத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனீர்கள். சனத்துக்கு முன்னால் என் கையைப் பிடிக்கிற ஆளா நீங்கள்? எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

நான்தான் கெடுத்தேன். "எல்லாம் சரி, குசினி எங்கை?" என்றேன். எங்களோடு வந்த டெனிஷ் வழிகாட்டிப் பெண் ஒரு மூலையைக் காட்டினாள். இருட்டுப் பொந்து. கல்லால் கட்டிய அடுப்புமேடை, அதை ஒட்டியே கழிப்பிடம். சமைத்தவர்கள் அடிமைகள் என்றும், புகையும் மணமும் விருந்தாளிகளிடம் போகாமல் இங்கே ஒதுக்கி வைத்தார்கள் என்றும் அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு நடந்தாள்.

நான் அவள் பின்னால் போகவில்லை. "இது என்ரை குசினியப்பா" என்றேன். நீங்கள் பகிடி என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினீர்கள்.

மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் அழுதுகொண்டு வந்து, குளிர்ச்சட்டையைக் கழற்றி எறிந்தாள். "என்ரை ஜக்கெற் கறி மணக்குதாம் அம்மா. பக்கத்திலை ஒருத்தரும் இருக்கினமில்லை." அன்று பின்னேரமே நீங்கள் ஒரு கரண்ட் அடுப்பு வாங்கி வந்து, உடுப்புத் தோய்க்கிற அறையில் மெஷினுக்கு மேல் வைத்தீர்கள். இங்கே எத்தனையோ தமிழ் வீடுகளில் அப்படித்தானே, யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, ஊத்தை உடுப்புகளோடு நின்று தாளித்தேன், பொரித்தேன். தோட்டம் பார்த்த ஜன்னலோடு இருந்த நல்ல குசினியில் தேத்தண்ணீர் மட்டும் போட்டோம். பிள்ளை வளர்ந்து படித்துக் கோப்பன்ஹேகனுக்குப் போன பிறகும் நான் அந்த அறைக்குள்தான் நின்றேன். வெளியே வா என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அந்தப் பயணம் முடிந்ததும் நீங்கள் வீட்டுக்கு வந்து பெட்டியைக் கூட அவிழ்க்காமல், அந்தக் கரண்ட் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கராஜுக்குள் வைத்தீர்கள். பிறகு அந்த நல்ல குசினிக் கதவின் பிணைச்சலைக் கழற்றத் தொடங்கினீர்கள்.

"என்னப்பா செய்யிறியள்? வீடு முழுக்க மணக்கப் போகுது!"

"உமக்குத் தோட்டத்தைப் பாத்துக்கொண்டு சமைக்க வேணும். கதவு வேணுமெண்டால் நீரே தூக்கிக்கொண்டு வந்து பூட்டும்."

அந்தக் கதவை நான் தூக்க மாட்டேன் என்று தெரிந்துதான் சொன்னீர்கள், கள்ளன்! அதற்குப் பிறகு நான் வெங்காயம் வதக்க, நீங்கள் எதிரே இருந்து பேப்பர் படிப்பீர்கள். அடுப்படியில் எனக்குக் கதைக்க ஆள் கிடைத்தது அப்போதுதான். எங்கள் கலியாண வாழ்க்கையிலே நல்ல காலம் எது என்று யாரும் கேட்டால், அதைத்தான் சொல்வேன். போன மாரியில் நீங்கள் கண்ணை மூடியதோடு அது முடிந்தது. உங்கள் கதிரையை இன்னும் நகர்த்தவில்லை. நகர்த்த மனம் வரவில்லை.

சரி, மகள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எனக்கென்று ஓர் அறை ஒதுக்கி, புதுக் கட்டில் போட்டு, ஜன்னலுக்குச் சீலை தைத்து வைத்திருந்தாள். பாவம், எவ்வளவு பார்த்துச் செய்திருந்தாள் தெரியுமா? கடைசியாகப் பல்கனிக் கதவைத் திறந்து காட்டினாள். அங்கே ஒரு சின்ன மேசை, அதன் மேல் புத்தம்புதிய கரண்ட் அடுப்பு. "பொரிக்கிறது, தாளிக்கிறது எல்லாம் இஞ்சை செய்யலாம் அம்மா. மழை படாமல் கூரை போட்டுத் தாறன்."

அன்பாகத்தான் சொன்னாள், எனக்குத் தெரியும். உள்ளே டெனிஷ் மருமகனுடைய தாய் தகப்பன் கோப்பி குடித்துக்கொண்டு இருந்தார்கள். நான் அந்த அடுப்பைத் தூக்கினேன். உள்ளே கொண்டுபோய், அந்தப் பெரிய வெள்ளைக் குசினியில் கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து, கரண்டைப் போட்டேன். எண்ணெய் விட்டுக் கடுகு போட்டேன். கடுகு வெடிக்க, சம்பந்தி இருவரும் கோப்பைகளைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார்கள்.

மகள் ஓடி வந்தாள். "அம்மா, வீடு முழுக்க மணக்கும்!" குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். அந்த முகம் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் முகமாகவே இருந்தது.

"மணக்கட்டும் பிள்ளை. நான் இந்த வீட்டிலை இருக்கிறன் எண்டு தெரியட்டும். அது சரியில்லையெண்டால் சொல்லு, நான் ஹொல்ஸ்டெப்ரோவிலையே இருக்கிறன்."

அவள் சம்பந்திகளை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு லாச்சியைத் திறந்து கத்தியை எடுத்தாள். "வெங்காயம் எத்தினை வெட்ட அம்மா?" என்றாள்.

நீங்கள் சிரிக்கிறீர்களா என்று பக்கத்தில் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.