பூட்டில்லாத கடை

இபாதான்,
ஞாயிறு, சர்ச்சுக்குப் போய் வந்த கையோடு.

அன்புத் தங்கை தெசோலாவுக்கு அக்கா மொரெனிக்கே எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் கை வருகிறது, எழுதிவிட்டேன். அம்மாவின் முட்டிவலி அப்படியே இருக்கிறது. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. அந்தக் குளிரில் நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், நடுவில் லைன் கட்டாகும், பாதிச் சண்டையோடு இரண்டு பேரும் படுக்கப் போவோம். ஓகுன்சோலா அம்மா மகளைப் பார்க்க டொராண்டோ வருகிறார். இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலத்தையும் அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பொட்டலத்தைப் பிரி.

நீ அனுப்பிய புது வெப்சைட் படங்களைப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கின்றன. "இதுல எதுன்னு சொல்லுக்கா, இல்லாட்டி இந்தத் தடவை லாவோலுகிட்டயே குடுத்து நமக்குன்னு தனியா ஒரு சைட் கட்டிடலாம்" என்று நீ பேசி அனுப்பியதையும் கேட்டேன். இரண்டும் வேண்டாம், தெசோலா. கடையைக் காலி செய்கிறேன். மாசக் கடைசியில் சாவியைக் கொடுக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் உளறிவைக்காதே.

அல்ஹாஜா சிகிராத் வீட்டுக் கல்யாணத்தில் என்ன நடந்தது என்பதை நான் உனக்கு முழுசாகச் சொல்லவே இல்லை. "கொஞ்சம் குழப்பமாயிடுச்சு" என்று மட்டும் சொல்லி வைத்தேன். குழப்பமா அது! பெண் வீட்டுச் சொந்தமெல்லாம் ஒரே மாதிரி உடுத்தவென்று அல்ஹாஜா எடுத்த அந்த மாதுளை நிற லேஸ், அவர் சொந்தக்காரர்களுக்கு மட்டும் விற்க வேண்டியது. அபூஜாவிலும் லண்டனிலும் இருக்கிறவர்களும் வாங்கட்டும் என்றுதான் அதை வெப்சைட்டில் ஏற்றினோம். சொந்தக்காரர்கள் வாங்க வாங்க, நீ எடுத்துக் கொடுத்த அந்தப் பாழாய்ப்போன ரெடிமேட் டெம்ப்ளேட் அதைத் தானாகவே தூக்கி முதல் பக்கத்தில் வைத்து, "இந்த வாரம் அதிகம் விரும்பப்பட்டது" என்று நட்சத்திரமும் போட்டுவிட்டது. பார்த்தவள் எல்லாம் வாங்கினாள். விற்பனை கூடுகிறதென்று நீ அங்கே கை தட்டினாய், நான் இங்கே ஆடினேன்.

நம் ஊரில் குடும்பத் துணி உடுத்தி வருகிறவளை வாசலில் யார் தடுப்பார்கள்? அழைப்பிதழைக் கேட்டாலாவது மறந்துவிட்டேன் எனலாம், துணியைப் பார்த்தால் கேள்வியே கிடையாது. உள்ளே விட்டு, உட்காரவைத்து, ஜொல்லாஃப் சோறு போட்டு, போகும்போது மாப்பிள்ளை பெண் படம் போட்ட வாளியும் கொடுத்து அனுப்புவார்கள். அன்றைக்கு மண்டபம் முழுக்க மாதுளை நிறம். அதில் பாதி முகங்களை அல்ஹாஜாவுக்குத் தெரியாது. "கேள்விப்பட்டேன், எட்டிப் பார்த்தேன்" என்று அழைக்காமலே வருகிற கூட்டம் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் அவர்களுக்குத் துணி வெட்டிக் கொடுத்து அனுப்பிய கடை நம்முடையது ஒன்றுதான்! மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது அண்டாவில் சுரண்டக்கூட இல்லை.

மறுநாள் அல்ஹாஜா கடைக்கு வந்தார். கத்துவார் என்று பயந்துகொண்டிருந்தேன். கத்தியிருந்தால் தேவலை. "மொரெனிக்கே, என் வீட்டுக் கதவ நீ ஏன்டி சந்தையில கழட்டி வெச்சே? என் பொண்ணு அந்த வீட்ல இனிமே எப்படித் தலை நிமிர்வா?" என்று கேட்டுவிட்டு, நான் நீட்டிய தண்ணீரைக்கூடத் தொடாமல் போனார். அதற்குப் பிறகு ஒரு குடும்பமும் நம்மிடம் துணி எடுக்க வரவில்லை. எதிர்க்கடைக்காரி என் காதில் விழும்படியே சொல்கிறாள்: "அங்க ஒரு ரகசியம் சொன்னா லண்டன்ல இருக்கறவளுக்கும் தெரியும்டியம்மா!"

லாவோலுவிடமே கொடுக்கலாம் என்று இப்போது சொல்கிறாய். படிப்பு முடித்ததும் நம் கடைக்கு வந்து முக்காலி போட்டு உட்கார்ந்து, துணியை யார் தேர்ந்தெடுப்பார், யாருக்கு முதலில் தெரியலாம், யாருக்குத் தெரியவே கூடாது என்று குடைந்து குடைந்து கேட்டானே. வெப்சைட்டுக்குள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை, அதற்கென்று ஒரு சாவிச் சொல், விசேஷம் முடிந்ததும் அறை மூடிக்கொள்ளும் என்று படம் வரைந்து காட்டினான். "அவன் கட்டி முடிக்கறதுக்குள்ள சீசனே போயிடும்க்கா, இந்த டெம்ப்ளேட்னா இன்னைக்கே திறந்துடலாம், உலகமே இதைத்தான் வெச்சிருக்கு" என்றாய் நீ. தனித்தனியாகப் பூட்ட முடியுமா என்று கேட்டேன். கடை முழுக்க ஒரே பூட்டுதான் போடலாம், போட்டால் புது ஆள் எவரும் வரமாட்டார் என்றாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறது, தெசோலா. நம் கடைக்கு வருகிறவள் எவளாவது ரெடிமேட் கவுன் மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாளா? துணி விற்கிற வீட்டில் பிறந்தவளுக்கு அது தோன்றவில்லையே.

போன வாரம் லாவோலுவைப் போய்ப் பார்த்தேன். நல்ல பையன், குத்திக் காட்டவே இல்லை. "இப்பவும் கட்டித் தரேன் அக்கா. ஆனா எந்தக் குடும்பத்துக்கு முதல் அறை? பேர் சொல்லுங்க, அவங்களை வெச்சே சோதிச்சுப் பாத்துடலாம்" என்றான். நம்மிடம் இன்னும் எந்தக் குடும்பம் மிச்சம் இருக்கிறது? சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இன்னொன்று. டிசம்பரில் உன் கல்யாணத் தேதி என்ன என்று நான் கேட்கும்போதெல்லாம் நீ பேச்சை வெப்சைட்டுக்கே திருப்புகிறாய். ஏன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அல்ஹாஜாவின் சம்பந்தி வீட்டுக்கு உன்னைக் கட்டப்போகிற குன்லேயின் அம்மா உறவாம். அன்றைக்கு வெறும் தட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவர்களில் அவரும் ஒருவராம். "அந்தத் துணிக்கடை வீட்ல சம்பந்தமா? போனா சோறு கிடைக்குமா?" என்று சொன்னாராம். அதனால் குன்லேயும் நீயும் டொராண்டோவிலேயே பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு முடிக்கப் போகிறீர்கள் என்று ஓகுன்சோலா அம்மாதான் தயங்கித் தயங்கிச் சொன்னார். நீயே சொல்லியிருக்கலாம். நான் கடித்துத் தின்றுவிடவா போகிறேன்?

இப்போது பொட்டலத்தைப் பிரி.

உன் கல்யாணத்துக்கென்று அம்மாவும் நானும் எடுத்து வைத்தது. பழுத்த முந்திரிப்பழ மஞ்சள், தலையில் கட்டக் கரும்பச்சை. நம் வீட்டுச் சொந்தங்கள் அத்தனை பேருக்கும் போதுகிற அளவு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. இதை நான் வெப்சைட்டில் ஏற்றவில்லை. கடைக்கே கொண்டுபோகவில்லை. இந்த ஊரில் இந்த நிறத்தை இன்னும் ஒருத்தியும் பார்க்கவில்லை. கடையில் இருக்கிற மிச்சத்தை எல்லாம் எதிர்க்கடைக்காரிக்கே தள்ளிவிடப் போகிறேன், ஆனால் பெட்டியைத் தொடமாட்டேன். உன் பங்கை மட்டும் வெட்டி அனுப்பியிருக்கிறேன். அங்கே ஒரு தையல்காரியைப் பிடித்துத் தைத்துக்கொள். அந்த அலுவலகத்தில் உன்னைச் சுற்றி வேறு யாரும் அதை உடுத்தியிருக்கமாட்டார்கள்.

கையெழுத்துப் போடும் நாளையும் நேரத்தையும் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு. வேறொன்றும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அம்மாவுக்கும் உடுத்திவிட்டு, நானும் உடுத்திக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எதற்கு இந்த அலங்காரம் என்று விஷயம் தெரியாத அம்மா கேட்டால் அப்போது ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். நீ நிறைந்து வாழ வேண்டும். உன் வீட்டில் யாரும் வெறும் தட்டோடு உட்காராமல் இருக்க வேண்டும்.

உன் கூடப்பிறந்தவள்,
மொரெனிக்கே