கடைசி நிலையத்தில் அப்பா

அப்பா,

ஈராக் திரும்பி, மோசூல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். முழங்கால் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள்.

என்னைப் பார்க்க இஸ்தான்புல் வந்த உங்களைத் தொலைத்ததற்குக் கூட்டம்தான் காரணம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நான் ஏறியதும் மெட்ரோ கதவு மூடிக்கொண்டது, உண்மைதான். நீங்கள் எதிர்ப்பக்க ரயிலில் ஏறிவிட்டீர்கள். நான் போட்டுக் கொடுத்த வரைபடம் பையிலேயே இருந்தது. ஒவ்வொரு நிலையமாக இறங்கித் தேடி, கடைசி நிலையத்தில்தான் கண்டுபிடித்தேன். உங்கள் பக்கத்து இருக்கையில் ஒரு பாக்தாத் குடும்பம் அரபியில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தது.

"இவங்ககிட்ட சொல்லி எனக்கு போன் பண்ணியிருக்கலாமே! வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினேன்.

"நீதானேடா காலையில டிராம்ல சொன்னே? அரபி பேசாதீங்க, என் ஆபீஸ்காரங்க பாக்குறாங்கன்னு," என்றீர்கள். "உனக்கு எதுக்குடா சங்கடம்னு உக்காந்துட்டேன்."

அதன்பின் பாலத்திலும் மீன்கடையிலும் நீங்கள் தலையை மட்டும் ஆட்டினீர்கள். எனக்கு அது வசதியாக இருந்தது.

விமான நிலையத்திலும் கையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனீர்கள்.

அங்கே பேசியிருக்கலாம் அப்பா. நான் சொன்னது டிராமுக்கு மட்டும்தான்.

உங்கள் மகன்