செய்து பார்த்த புத்தகங்கள்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டால் நலமாக இருப்பாய்.

ஆவணங்களைப் பிரதியெடுத்துப் பாதுகாக்க நீயும் நண்பர்களும் சேர்ந்து உருவாக்கும் திறமூல மென்பொருளைப் பற்றி மூன்று வருடம் முதுகொடிய எழுதிய புத்தகம் முடிந்துவிட்டது. அச்சுக்குப் போகுமுன் உனக்கு அனுப்பியிருக்கிறேன். உங்கள் இணையதளத்தில் ‘செய்து பார்த்த புத்தகங்கள்’ என்று பட்டியல் போடுகிறாயே, ஒவ்வொரு பாடத்தையும் நீயே செய்து பார்த்துத்தான் சேர்ப்பாயாமே. அக்கா என்று சலுகை காட்டாதே.

ஏழாம் அத்தியாயம்தான் உறுத்துகிறது. புதிய பிரதியைச் சரிபார்க்குமுன்பே பழையதை அழிக்கச் சொல்லியிருக்கிறேன். என்னிடமுள்ள மென்பொருளின் பழைய பதிப்பு ‘அழிக்கட்டுமா?’ என்று கேட்கிறது. புதியதும் கேட்குமா? பார்த்துச் சொல்.

அக்கா

மார்ச் 19

அக்கா,

எல்லாம் செய்து பார்த்தாயிற்று. ஏழாம் அத்தியாயமும் சரி, கேட்கிறது. மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாமல் அச்சுக்குக் கொடு. பட்டியலில் முதல் வரியே உன் புத்தகம்தான். அம்மா இருந்திருந்தால் ஊரையே கூட்டியிருப்பாள்.

உன் தம்பி

அக்டோபர் 2

அக்கா,

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஒரு சின்ன மருத்துவமனையில் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் எழுதியிருக்கிறாள். நம் பட்டியலை நம்பித்தான் உன் புத்தகத்தை வாங்கினாளாம். ஏழாம் அத்தியாயத்தில் உள்ளபடியே செய்தாளாம். பழைய பிரதி கேட்காமலே அழிந்துவிட்டது. புதியது பாதியில் நின்றிருக்கிறது. யாருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்ற குறிப்புகளும் போயின. மறுவாரம் ஒவ்வாத ஊசி போட்டு ஓர் அம்மாள் இறந்துவிட்டார்.

வரிசையை நீ இன்னும் யோசித்து எழுதியிருக்கலாம். புத்தகத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறார்கள் நண்பர்கள்.

தம்பி

அக்டோபர் 9

தம்பிக்கு,

உடனே எடுத்துவிடு. எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ செய்தபோது கேட்டது என்றாயே, அவளுக்கு ஏன் கேட்கவில்லை? திரையில் என்ன வந்தது என்று அப்படியே எழுது. எங்கே தவறினேன் என்று தெரியாமல் இறந்துபோன அந்த அம்மாளின் வீட்டு வாசலை எப்படி மிதிப்பேன்?

அக்கா

அக்டோபர் 20

அக்கா,

நான் ஏழாம் அத்தியாயத்தைச் செய்து பார்க்கவில்லை. ஆறு அத்தியாயம் பார்த்தேன், ஒரு பிழைகூட இல்லை. அக்கா எழுதியதில் தப்பு வருமா என்று மூடி வைத்துவிட்டேன். அந்தக் கேள்வியைப் புதிய பதிப்பிலிருந்து நண்பர்கள் நீக்கிவிட்டார்கள். எனக்கும் தெரியாது. பழியை உன் தலையில் போட்டேன். மன்னித்துவிடு.

தம்பி

நவம்பர் 3

தம்பிக்கு,

அந்த வீட்டுக்குப் போய்வந்தேன். இறந்தவரின் கணவர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். எழுதியது நான்தான் என்றேன். சந்தேகம் இருந்தும் எழுதினேன், அந்தக் குற்றம் என்னுடையது. அவர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்:

“இதை யாருமே செஞ்சு பாக்கலையாம்மா?”

“இல்லைங்க” என்றேன்.

வழியெல்லாம் உன்னை எப்படிக் காப்பாற்றுவது என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். நீதான் செய்தே பார்க்கவில்லையே, பொய் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இனி எனக்கு எழுதாதே.

அக்கா