பாய் நனையும்வரை

கார்த்திகை மாதம், சனி இரவு. கொட்டாஞ்சேனை.

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம், கொழும்பில் பெருமழை என்று டிவி சொன்னது. சொன்ன டிவியைத்தான் முதலில் மேல்மாடிக்குத் தூக்கினார்கள். பிறகு பிரிட்ஜ், அரிசி மூட்டை, என் கட்டில்.

"நான் எங்கையடா படுக்கிறது?"

"கீழ பாயில படுங்கோ அப்பா," என்றான் மகன். "தண்ணி வந்தா முதல்ல உங்களுக்குத்தான் தெரியும். உடன கூப்பிடுங்கோ, த்ரீவீல் ஓட்டோவை மேட்டுக்கு எடுக்கோணும்."

மருமகள் சிரித்தாள். "மாமா நித்திரை கொண்டா?"

"குளிர்ந்தா எழும்புவார்."

இவன் கைக்குழந்தையாய் இருந்தபோது வந்த வெள்ளத்தில் விடியும்வரை தோளில் வைத்திருந்தேன். என் சட்டையில் மூத்திரம் பெய்தான்.

பாய் நனைந்துவிட்டது. படியில் ஏறி உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே த்ரீவீலின் சக்கரம் பாதி மூழ்கிவிட்டது. மேலே குறட்டை கேட்கிறது.

பிள்ளை நன்றாக நித்திரை கொள்ளட்டும்.