விற்றுப்போன நாற்காலி

என் வீட்டுக்காரிக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை. அந்த நாற்காலிக் கடை வேலை நான்கு நாள்தான் நீடித்தது. கடை முழுக்க நாற்காலி, விற்பவன் மட்டும் உட்காரக் கூடாது. என் இடுப்பு ஆபரேஷனைப் பற்றி முதலாளியிடம் நான் மூச்சுவிடவில்லை. முன்பு சொன்ன மூன்று இடத்திலும் "சொல்லி அனுப்புறோம்" என்றார்களே, அதோடு சரி.

நேற்று வாங்க வந்த ஒருவர், "நீங்க உட்காந்து காட்டுங்க" என்றார். அப்பாடா என்று உட்கார்ந்தேன். கால்மணி நேரம் அதன் அருமை பெருமையை அளந்துவிட்டேன். வாங்கிவிட்டார்.

என்னால் எழுந்திருக்கத்தான் முடியவில்லை. அவரும் முதலாளியும் கைத்தாங்கலாகத் தூக்கினார்கள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார் முதலாளி. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நாளை வேறு இடம் பார்க்கிறேன். நீ லீவு போட்டு ஓடி வராதே. இரண்டு ஷிப்ட் பார்க்கிறாயாமே, அங்கே உன்னை உட்கார விடுகிறார்களா?

உன் வீட்டுக்காரன்