அசையாமல் இருந்தால் அணில் வரும்

ஒக்டோபர் 4, சனி

3 பாகை. புல்லில் வெண்பனி. இரண்டு சோடிக் காலுறை, செம்மஞ்சள் மேலங்கி, தேநீர், இடியப்பம். ஜீசெல் விடிய ஐந்தரைக்குக் காரில் வந்து அணில் வேட்டைக்கு ஏற்றிப்போனாள். பேக்கரியில் என்னோடு மாவு உருட்டுகிறவள். அவளுடைய தமையனின் மேப்பிள் காடு, நாங்கள் இருக்கும் ரொக்ஸ்பரோவிலிருந்து வடக்கே ஒன்றரை மணிநேரம்.

அவள் பாடம்: மரத்தில் சாய்ந்து இரு. அசையாதே. இருபது நிமிடத்தில் அணில்கள் உன்னை மறந்து வெளியே வரும். ஒன்றைச் சுட்டாலும் எழும்பாதே, மற்றவை திரும்பி வரும். "பூஜ் பா, பூஜ் பா." பிரெஞ்சில், அசையாதே, அசையாதே.

முதல் வெடி அவளுடையது. நான் நிலத்தில் குப்புறக் கிடந்தேன். எப்படி விழுந்தேன், தெரியாது. வாயில் இலை. இத்தனை வருடமாகியும் என் உடம்புக்கு இன்னும் வன்னியில் செல் குண்டு விழுகிறது. வெட்கம். அதைவிடக் கோபம். ஜீசெல் சிரிக்கவில்லை, தேநீர் ஊற்றித் தந்தாள்.

அவளுக்கு 4. எனக்கு 0.

ஒக்டோபர் 5, ஞாயிறு

மழை. கோயிலில் சுன்னாகத்து அக்கா பிடித்துக்கொண்டா.

"அணில் சுடப் போறியாம்? முதுகில சாமி தடவின கோடெல்லோ. பாவம் பிள்ளை."

"இஞ்சத்தை அணிலுக்குக் கோடில்லை அக்கா. வேணுமெண்டா வெளியில போய்ப் பாருங்கோ."

அக்கா பிரசாதத்தில் கவனம் செலுத்தினா.

பின்னேரம் படிவத்தை இவர் முன்னால் வைத்தேன். சொந்தத் துவக்கு வாங்கும் அனுமதிக்கு. இப்போதைக்கு ஜீசெல் பக்கத்தில் இருந்தால்தான் அவளுடையதைத் தொடலாம். துவக்குப் பாதுகாப்புச் சோதனை இரண்டாம் தரம் எழுதிப் பாஸ். மிச்சம் ஒன்றுதான்: கணவரின் கையெழுத்து.

இவர் பேனையைத் தொடவில்லை.

"துவக்குச் சத்தம் வேண்டாமெண்டுதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள்."

"ஓம், ஓடி வந்தனாங்கள். நான் இனி ஓடமாட்டன்."

இவர் எழும்பிப் போய்த் தொலைக்காட்சியைப் போட்டார்.

ஒக்டோபர் 7, செவ்வாய்

பால், வெங்காயம், தபால்முத்திரை.

கையெழுத்தில்லாமலே படிவத்தைத் தபாலில் போட்டேன். அப்படி அனுப்பினால் அனுமதி அலுவலகத்தார் கணவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, மனைவி கையில் துவக்கு இருந்தால் பயமா என்று கேட்பார்களாம். கேட்கட்டும். என்னைப் பார்த்தால் பயமா இல்லையா என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். இவரிடம் இதையும் சொல்லிவிட்டுத்தான் போட்டேன். ஒளித்துச் செய்ய நான் என்ன கள்ளியா?

ஒக்டோபர் 11, சனி

காற்றில்லை. நல்ல குளிர்.

மரத்தடியில் இருந்தோம். ஒரு மணி நாற்பது நிமிடம். ஜீசெல் மூன்று தரம் காலை மாற்றினாள். நான் இல்லை. மேலே விமானம் சுற்றும்போது பங்கருக்குள் மூச்சைக்கூட எண்ணி விட்டவள் நான். இதை எங்கே பழகினாய் என்று கேட்டாள். ஊரில், என்றேன்.

கறுப்பு அணில் ஒன்று திமிராக மரத்தால் இறங்கி வந்தது. சுட்டேன். தோளில் இடி. நான் விழவில்லை. எழும்பவுமில்லை. பத்து நிமிடம் கழித்து அடுத்தது. பிறகு இன்னொன்று.

மூன்று. மூன்றும் என்னுடையவை! காடு முழுக்கக் கேட்கக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் அணில் ஓடிவிடும்.

உரிப்பது சுகம். வாலடியில் வெட்டி, வாலை மிதித்துக்கொண்டு பின்னங்காலைப் பிடித்து இழுத்தால் சட்டை கழற்றுவதுபோல வருகிறது.

வீட்டில் கறி. உள்ளி, இஞ்சி, மிளகு தூக்கலாக. கோழித் தொடைபோல, கொஞ்சம் இறுக்கம். இவர் பருப்போடு சாப்பிட்டு எழும்பிவிட்டார். நான் எலும்புவரை சப்பினேன்.

நவம்பர் 19, புதன்

முதல் பனிப்பொழிவு. ஃப்ரீசரில் அணில் 9.

நாலு மணிக்குத் தொலைபேசி. இவர் எடுத்தார். ஆங்கிலம். "யெஸ், மை வைஃப்" என்றதும் குசினிக் குழாயை மூடினேன். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "நோ" என்றார். திரும்பவும் "நோ."

வைத்துவிட்டுக் குசினி வாசலில் வந்து நின்றார்.

"உன்னைப் பாத்தாப் பயமோ எண்டு கேட்டவள். இல்லையெண்டிட்டன். எனக்கு அந்தச் சத்தத்துக்குத்தான் பயம்."

"எனக்கும்தான்," என்றேன். "அதாலதான் போறன்."