மாண்டோரை எழுதிய மருத்துவருக்குக் குடிமுத்திரை

ஏழு கழிகளைக் காவலாகக் கொண்ட நெடுங்கழி நாட்டை ஆளும் குவளைமாதேவியாகிய நாம், புன்னைத்துறைக் கண்காணி சேந்தங்கீரனுக்கு விடுக்கும் திருமுகம். உம் துறையில் வலை வீசுவோர்க்கும், பொதி சுமப்போர்க்கும், அவர்தம் மக்களுக்கும் நோயற்ற வாழ்வு உண்டாகுக. உமக்கும் ஒரு வாழ்த்து எழுதுவது மரபு என்று ஓலைநாயகம் நினைவூட்டினார். எமக்கு மனம் வரவில்லை.

சங்குத்தீவிலிருந்து வந்த மருத்துவர் எயினியை நாற்பது நாளாகத் துறைக் கொட்டகையில் நீர் நிறுத்தி வைத்திருப்பதை நேற்றுத்தான் அறிந்தோம். அதுவும் உம்மால் அன்று. அவருடைய சுவடிக்கட்டைத் தோளில் சுமந்து எம் வாயிலுக்கு வந்த படகோட்டி மாங்குடியான் சொல்லித்தான் அறிந்தோம்.

எம் பாட்டனார் வகுத்த விதி உமக்குத் தெரியாததன்று. இந்நாட்டில் உறவோ நிலமோ இல்லாதவரும், மக்களுக்குப் பயன்படும் புதிய அறிவை எழுதிக் கொண்டுவந்தால், அவ்வெழுத்தை அறிஞர் அவை ஆராய்ந்து ஏற்றபின், இங்கு நிலையாக வாழக் குடிமுத்திரை பெறுவர். ஆராய்வது அவையின் வேலை. சுவடியை அவைக்கு அனுப்புவது ஒன்றே உம் வேலை. அதைக்கூட நீர் செய்யவில்லை.

பத்து மூட்டைப் பயற்றில் ஒன்று புழுத்திருந்தாலும் மரக்கலத்தையே திருப்பி அனுப்புவது துறை வழக்கம். அதைச் சுவடிக்கும் பொருத்தினீர். கட்டைப் பிரித்து, பிழைத்தவர் ஏடுகளை ஒருபுறமும் இறந்தவர் ஏடுகளை மறுபுறமும் அடுக்கினீர். இறந்தவர் அடுக்கு உயர்ந்திருக்கக் கண்டு, சரக்குப் பழுது, உள்ளே விடலாகாது என்று தீர்ப்பும் எழுதினீர். உமக்கு வெட்கமாக இல்லையா?

அப்பொழுது எயினி உம்மிடம் சொன்னதை மாங்குடியான் எம்மிடம் அப்படியே ஒப்பித்தான்: "ஐயா, பிழைச்சவங்களை மட்டும் எழுதியிருந்தா என்னை அன்னிக்கே உள்ள விட்டிருப்பீங்க. செத்தவங்களையும் எழுதினதாலதான் இந்த மருந்தை எப்பக் கொடுக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியும்." அது கேட்டு நீர் சிரித்தீராம். சுற்றியிருந்த காவலரும் உம்மோடு சேர்ந்து சிரித்தார்களாம்.

நேற்றே அறிஞர் அவையின் மருத்துவர்களைக் கூட்டினோம். பதினெட்டு ஆண்டுகள் நடுக்கச்சுரம் கண்ட ஊர்தோறும் சென்று, யாருக்கு எந்நாளில் பட்டைக் கஷாயம் புகட்டப்பட்டது, அவர் பிழைத்தாரா மாண்டாரா என்று ஆளுக்கு ஓர் ஏடாக அப்பெண்மணி எழுதியிருக்கிறார். மூன்றாம் நாளுக்குள் புகட்டினால் அக்கஷாயம் காக்கிறது. ஆறாம் நாள் புகட்டினால் அதுவே கொல்கிறது. சுரம் முற்றட்டும் என்று காத்திருந்து ஆறாம் நாளில் புகட்டுவதே நம் மருத்துவர்களின் வழக்கம். அவைத்தலைவர் பெருநம்பி அந்த ஏடுகளைப் படித்துவிட்டு, இத்தனை காலம் என் கையாலேயே கொன்றிருக்கிறேனே என்று எம் முன்னிலையில் அழுதார். அவரையாவது அறியாதவர் என்று பொறுக்கலாம். அறிவு வாசலில் வந்து நின்றபோது கதவைச் சாத்தியவரை என்னென்பது?

இந்த நாற்பது நாளில் கீழ்க்கழி ஊர்களில் முப்பத்தொருவர் ஆறாம் நாள் கஷாயம் குடித்து மாண்டனர். உம் கொட்டகையிலிருந்து அவ்வூர்கள் அரைநாள் படகுப் பயணம்.

ஆகவே ஆணையிடுகிறோம். இவ்வோலை கண்டவுடன் எயினிக்குக் குடிமுத்திரை அளிப்பீராக. அதற்கு அவரிடம் வேறு சான்றோ உறுதிமொழியோ கேளாதீர். கீழ்க்கழிக்குச் செல்ல எம் சொந்தப் படகு வருகிறது. அவருடைய மருந்துப் பெட்டிகளை நீரே சுமந்து அதில் ஏற்றுவீராக. அத்துடன் உம் கண்காணிப் பதவி முடிந்தது. அதன்பின் அவர் செல்லும் ஊர்தோறும் உடன்சென்று, அவர் சொல்லச் சொல்ல ஏடு எழுதுவீராக. பிழைத்தவரையும் எழுதும், மாண்டவரையும் எழுதும், ஒருவரையும் விடாதீர்.

சுவடிக்கட்டைத் திருப்பி அனுப்புகிறோம். அதில் புதிய ஏடு ஒன்றை, எயினி எழுதும் முறையிலேயே, எம் கையால் எழுதிச் சேர்த்துள்ளோம். இன்னும் அவர் அதைப் பார்க்கவில்லை. அவர் கேட்க நீர் உரக்கப் படிப்பீராக:

"கீழ்க்கழி. செங்கழுநீர்தேவி, அரசியின் தங்கை, வயது இருபத்திரண்டு. கஷாயம் புகட்டியது ஆறாம் நாள். இறந்தது எட்டாம் நாள்."

இது எம் கைச்சாத்து. இது எம் முத்திரை.